பேர் எழுத விட்ட கண்மாய்

"நம்ம ஊர் ஆளுகளுக்கு வழி சொல்லணும் பவா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். வெறும் மேப்ப விரிச்சு வச்சு, எங்க வேணாலும் போங்கன்னு சொன்னா பேந்தப் பேந்த முழிப்பாய்ங்க."

இதைச் சொன்னவன் சூர்யபிரகாஷ். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூட்டத்துக்கு விளையாட்டு நடத்துகிறவன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை. "மதுரைக்காரன் வழி தெரியாம முழிச்சு நீ எப்படா பாத்த? தெரியாத ஊருக்கே வழி சொல்றவன்டா அவன்!" என்று கத்தினேன். டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கொரு வேடம். ஒருத்தி வாள் பிடிப்பவள், ஒருவன் வைத்தியன், இப்படி. நடுவர் என்று ஒருவர் இருப்பார். அவர் "எதிரே ஒரு குகை" என்பார். நாங்கள் "உள்ளே போகிறோம்" என்போம். போனால் ஜெயிப்போமா அடி வாங்குவோமா என்பதைப் பகடை சொல்லும். சூர்யா நடத்தினால் அவன் மனதில் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும். நாம் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அவனுடைய குகை வாசலில்தான் போய் நிற்போம். நல்ல கதைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் காலுக்கு வேலை இல்லாத இடத்தில் என்னால் உட்கார முடியாது.

நான் செய்ய நினைத்தது வேறு வகை. சாண்ட்பாக்ஸ் என்பார்கள். அதில் கதை கிடையாது, ஒரு நாட்டின் வரைபடம் மட்டும் உண்டு. வீடு கட்டக் கொட்டிய மணலில் பிள்ளைகளை விட்டால், இதைக் கட்டு என்று யாராவது சொல்கிறோமா? அந்த மாதிரி. படம் சரியாக இருந்தால் கதை தானாகப் பிறக்கும். சரியில்லை என்றால் மேசையே தூங்கிப்போகும்.

பகலில் நான் கப்பலூரில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் டிசைனர். ஊறுகாய்க்கும் ஊதுபத்திக்கும் பெட்டி வரைவேன். வீட்டுக்கு வந்ததும் இந்த வரைபடம். முதலில் பனிமலை, பைன் மரம் என்று வெளிநாட்டுக்காரன் மாதிரி வரைந்து பார்த்தேன். ஒரு ஜீவன் இல்லை. கிழித்துப்போட்டுவிட்டு, செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி இருப்பதையே ராஜா காலத்துக்குக் கொண்டுபோனேன். மொட்டைப் பாறை, கருவேலங்காடு, சந்தை, கருப்பசாமி கோயில் காடு, ஒன்றுக்கொன்று வாய்க்காலால் இணைந்த ஐந்து கண்மாய்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவளுக்குக் கண்மாயைத் தனியாக வரைய வராது. மேல் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. பென்சில் தானாக அப்படித்தான் போனது. ராஜா காலம் என்றால் கோட்டை வேண்டுமே என்று நாலாவது கண்மாய்க்குக் கீழே ஒரு கோட்டையை வைத்து, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சுற்றி நீல அகழியும் போட்டேன். படத்துக்குப் பேர் எழுத இடம் இல்லை. ஐந்தாவது கண்மாயை மட்டும் நீலம் பூசாமல் மண் நிறத்தில் விட்டு, அதற்குள் "ஐங்கண்மாய்ச் சீமை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

நாடு முழுவதையும் அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சின்ன அட்டை எழுதினேன். அங்கே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று.

இந்த நேரத்தில்தான் சுபலட்சுமி வந்தார். சென்னையில் சின்னதாகப் பலகை விளையாட்டுகள் அச்சடித்து விற்கிறவர். முதல் தடவையாகத் தமிழில் ஒரு விளையாட்டுப் பெட்டி போடப் போகிறார். ஒன்றுதான் போட முடியும். சூர்யாவின் கதையும் அவருக்குப் பிடித்திருந்தது, என் படமும் பிடித்திருந்தது. அதனால் ஒரு சோதனை வைத்தார்.

"இதுவரைக்கும் இந்த ஆட்டமே தெரியாதவங்க மூணு பேரை உட்கார வைப்போம். நீங்க நடுவர். படத்துலயும் அட்டையிலயும் இருக்கிறதை மட்டும்தான் சொல்லணும். புதுசா எதுவும் சேர்க்கக் கூடாது, குறிப்பு குடுக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் ஆடணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை உங்களைப் பார்த்து 'அடுத்து எங்க போகணும்'னு கேட்டுட்டாங்கன்னா, படம் வேலை செய்யலைன்னு அர்த்தம். சூர்யாவோட கதைதான் பெட்டிக்குள்ள போகும். சரியா?"

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ஒரு மினி ஹாலைப் பிடித்தோம். முந்தின நாள் யார் வீட்டுக் காதுகுத்தோ, ஜிகினா அலங்காரம் அப்படியே இருந்தது. தாய்மாமன்களுக்குப் போட்ட சிம்மாசன நாற்காலி ஒன்றில் சுபலட்சுமி பேனாவோடு உட்கார்ந்தார். பக்கத்துச் சிம்மாசனத்தில் சூர்யா, கையில் முறுக்குப் பொட்டலம்.

ஆட வந்த மூவரையும் சுபலட்சுமியே தேடிப் பிடித்திருந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அன்னக்கொடி அக்கா, தலை நிறைய மல்லிகை, ஓயாமல் அடிக்கும் போன். ஸ்கூல் வேன் ஓட்டும் முத்துப்பாண்டி அண்ணன். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அஸ்வினி. மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது.

வேடம் எடுக்கச் சொன்னேன். முத்துப்பாண்டி அண்ணன் யோசிக்கவே இல்லை. "வாள் வீரன். வேன்ல பிள்ளைக கத்துற கத்துக்கு இங்கயாவது நாலு பேரை வெட்டணும்."

"ராணி வேசமெல்லாம் நமக்கு எதுக்குத்தா? நான் யாவாரியாவே இருந்துக்கிறேன்" என்றார் அன்னக்கொடி அக்கா.

அஸ்வினியிடம் வைத்தியச்சி அட்டையை நீட்டினேன். "ஐயே, இங்கயும் ஊசி போடவா? எனக்குத் திருடி குடுங்க" என்று அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

தொடக்கம் அமோகம். சந்தையில் இறங்கினார்கள், வம்பு செய்தார்கள், ஒரு குதிரையை ஏமாற்றி வாங்கினார்கள். பகடையை உருட்டுவதற்கு முன் அன்னக்கொடி அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நேராகக் கருப்பசாமி கோயில் காட்டுக்குப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஏனென்றால் முக்கியமான பொருளை அங்கேதான் வைத்திருந்தேன். மண் குதிரையின் வயிற்றுக்குள் ஒரு வெண்கலச் சாவி. கோட்டைக் கதவு, மலைச் சுரங்கம், அரண்மனைப் பெட்டகம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சூர்யா நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு ஒத்திகை பார்த்தபோது, அந்தப் பயல்கள் போன வேகத்தில் குதிரையை உடைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அட்டையை வாசித்தேன். "அடர்ந்த காடு. நடுவே கருப்பசாமி. காவலாக மண் குதிரைகள். ஒன்றின் வயிற்றில் விரிசல். உள்ளே ஏதோ மின்னுகிறது."

மேசைக்கு அடியில் சரசரவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்!

"கும்பிட்டுட்டுக் கெளம்புவோம்" என்றார் முத்துப்பாண்டி அண்ணன்.

"உள்ள ஏதோ மின்னுது" என்று அட்டையில் இருந்ததை மறுபடி வாசித்தேன். திரும்ப வாசிக்கத் தடை இல்லை.

"மின்னட்டும். சாமிக்கு நேந்து போட்டதா இருக்கும்."

எனக்கு அஸ்வினி மேல்தான் நம்பிக்கை. அவளைப் பார்த்தேன். அவள் காதில் கை வைத்து, "என்னை எதுக்குப் பாக்குறீங்க? திருடிதான். அதுக்காகக் கருப்பன் சொத்துலயா கை வைப்பேன்? கோயில் காட்டுல விழுந்து கெடக்குற குச்சியைக்கூட எங்க வீட்டுல தொடமாட்டாங்க" என்றாள். அன்னக்கொடி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி வந்ததும் பொங்கல் வைப்பதாக நேர்ந்தும் முடித்தார்.

எடுத்துத் தொலைங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. நான் எடுப்பேனா? எங்கள் ஊர்க் கோயில் காட்டில் ஒரு சுள்ளி எடுப்பேனா? செத்தாலும் மாட்டேன். ஊரை அப்படியே வரைந்துவிட்டு, ஊர் ஆட்கள் தொடவே மாட்டார்கள் என்று தெரிந்த ஒன்றையே படத்துக்குச் சாவியாக வைத்திருக்கிறேனே, என்னை எதால் அடிக்க? சூர்யாவின் கூட்டம் விளையாட்டு பழகிய கூட்டம், எதைக் கண்டாலும் உடைக்கும். அதை வைத்து நான் ஏமாந்துபோனேன்.

காட்டை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். மேசையில் பேச்சு நின்றது. அன்னக்கொடி அக்கா போனை எடுத்துப் பார்த்தார். சூர்யா முறுக்கைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த முறுக்கைப் பிடுங்கி வீசலாம் போல எனக்கு வெறி.

முத்துப்பாண்டி அண்ணன் கொட்டாவி விட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப இனிமே..."

போச்சு என்று நினைத்தேன். ஒரு வருச உழைப்பு, போச்சு.

"இருங்கண்ணே" என்றாள் அஸ்வினி. அவள் படத்தின் மேல் கிட்டத்தட்டப் படுத்திருந்தாள். "இந்தக் கண்மாய் ஏன் காஞ்சு கெடக்கு?"

அவள் விரல் நான் பேர் எழுதிய இடத்தில் இருந்தது.

"மேல நாலு கண்மாயும் ததும்பிக்கிட்டு நிக்குது. இது மட்டும் பொட்டல். எப்படி?"

"ஆமத்தா!" அன்னக்கொடி அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். "நாலாவது நெறஞ்சா இதுக்குத்தானே வரணும்? நடுவுல எவனோ அடைச்சிருக்கான்."

"அடைச்சவனைச் சும்மா விடக் கூடாதுக்கா" என்று முத்துப்பாண்டி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொட்டாவி எங்கே போனதோ தெரியவில்லை. "கீழ இருக்க சனம் என்ன பண்ணும்? பாப்பா, அந்தக் கரைக்குக் கீழ ஊரு இருக்கா?"

அட்டையைத் தேடி எடுத்தேன். "இருக்குண்ணே. பழைய ஊர். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன."

"பாத்தியா! பொழைக்க வழியில்லாம ஊரைக் காலி பண்ணிப் போயிருக்காக."

அந்த ஊரைப் பாழடைந்த ஊராக எழுதியது பேய்க்கதைக்கு உதவும் என்றுதான்.

"எவன் அடைச்சான்?" என்று மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கண்மாய் வற்றியதற்குக் காரணம் ஒரு நாட்டுக்குப் பேர் எழுத எனக்கு இடம் கிடைக்காததுதான். புதிதாக எதுவும் சேர்க்கவும் கூடாது. "படத்தில் இருக்கிறதுதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அஸ்வினி வாய்க்காலை விரலால் பிடித்துக்கொண்டே வந்தாள். நாலாவது கண்மாயின் கலுங்கில் தொடங்கிய விரல் கோட்டையில் போய் முட்டியது. "இந்தக் கோட்டையைச் சுத்தி நீலமா இருக்கே, அது என்ன?"

"அகழி."

"தண்ணி இருக்கா?"

அட்டையில் எழுதியிருந்தேன். "ஆள் ஆழத்துக்கு."

"அப்ப அவன்தான்!" மேசையில் ஓங்கி ஒரு தட்டு. பகடைகள் குதித்தன. "ஊரான் தண்ணியை எடுத்துக் கோட்டையைச் சுத்தி வச்சிருக்கான், முதலை வளக்க!"

சூர்யா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். "இது செல்லாது. அகழிக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமே இல்ல. படத்துல அப்படி இருக்கா? பவா இப்ப சேர்க்குறா."

"நான் எங்கடா சேர்த்தேன்? நான் வாயே தெறக்கலையே!"

சுபலட்சுமி எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். நானும் குனிந்தேன். கோட்டைக்கு இடம் போதாமல், முதலிலேயே வரைந்திருந்த வாய்க்காலின் மேலேயே அதை உட்கார வைத்திருந்தேன். வாய்க்கால் ஒரு பக்கம் அகழிக்குள் போகிறது. மறுபக்கம் வெளியே வரும் இடத்தில், நான் அழிக்காமல் விட்ட சின்னக் கோடு ஒன்று கரைபோலக் குறுக்கே கிடந்தது.

"படத்துல இருக்கே" என்றார் சுபலட்சுமி. "ஆடுங்க."

ஆத்தாடி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. முத்துப்பாண்டி அண்ணனுக்குக் கோட்டையை நேராகப் போய் அடிக்க வேண்டும். அன்னக்கொடி அக்காவுக்குப் பேசிப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் ஏறியது. யாரிடமாவது கேட்டு முடிவு செய்வார்கள், என்னைத்தான் கேட்பார்கள் என்று சூர்யா காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அக்கா தலையிலிருந்து கொஞ்சம் மல்லிகையை உருவினார். பையில் மார்க்கெட் செவ்வரளி கொஞ்சம் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, அஸ்வினி முன்னால் போட்டார். பூக்கட்டிப் பார்க்கிறார்!

"வெள்ளை வந்தாப் பேச்சு. செவப்பு வந்தா தம்பி, நீ வாளை உருவிக்க. கண்ணை மூடிக்கிட்டு எடு ஆத்தா."

அஸ்வினி எடுத்தாள். மல்லிகை. முத்துப்பாண்டி அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. "சாமி சொல்லிருச்சு. பேசுங்கக்கா. ஆனா நான் வாளோட பின்னாடி வாரேன்."

கோட்டைக் கதவுக்குச் சாவி வேண்டும் என்று அல்லவா நான் நினைத்திருந்தேன்? அன்னக்கொடி அக்கா வியாபாரி. "கோட்டைக்குள்ள கோயில் இருக்கும்ல? மாலை கொண்டாந்திருக்கேன்னு காவக்காரன்கிட்ட சொல்லு" என்றார். அட்டையில் கோயில் இருந்தது. பகடையும் விழுந்தது. வாசல் திறந்தது.

கோட்டைத் தலைவனாக நான் பேசினேன். குரலைக் கனமாக்கி, "அகழியில் தண்ணீர் குறைந்தால் எதிரி வருவான்" என்று மிரட்டினேன். அக்கா அசரவில்லை. "எதிரி எம்புட்டுப் பேரு வாரான்? அவனை நிறுத்த எம்புட்டுத் தண்ணி வேணும்? அம்புட்டை வச்சுக்க. மிச்சத்தை விடு. கீழ்க்கண்மாய் நெறஞ்சு வெளஞ்சா உன் கோட்டைக்குத்தான் அரிசி வரும். இல்லாட்டி அகழித் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டுக் கெடக்கணும்." கருக்கலில் எழுந்து பூ விலை பேசிப் பழகியவரிடம் என் தலைவன் எத்தனை நேரம் நிற்பான்? நான் அவனுக்காக எவ்வளவோ முக்கினேன். தோற்றேன். தோற்பதில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அஸ்வினி பகடையை எடுத்தாள். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. நான் பின்பக்கமாப் போயி அடைப்பைப் பிடுங்குறேன். திருடி எதுக்கு இருக்கேன்?"

உருட்டினாள். பகடையில் இருப்பதிலேயே பெரிய எண். ஹாலைப் பெருக்க வந்த அம்மாவும் சேர்ந்து கைதட்டினார். அந்த அம்மா எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது.

நீலப் பென்சிலை எடுத்து நானே ஐந்தாவது கண்மாய்க்குத் தண்ணீர் விட்டேன். முத்துப்பாண்டி அண்ணனுக்கு அது போதவில்லை. பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, கரை வரைக்கும் அழுத்தி அழுத்தித் தீட்டினார். நான் கஷ்டப்பட்டு எழுதிய கொட்டை எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் போனது. போகட்டும் என்றிருந்தது. "நெறஞ்சிருச்சுல்ல, அழகா இருக்குல்ல?" என்று அவர் என்னைக் கேட்டார். "ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றேன்.

தண்ணீர் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்துவிட்டது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, சாயங்காலத்துக்கு நேரம் கிடந்தது. ஒரு காரியம் முடிந்த இந்த இடத்தில்தான் எல்லா ஆட்டமும் விழும் என்று எனக்குத் தெரியும். சூர்யாவுக்கும் தெரியும். அவன் முறுக்கைக் கீழே வைத்தான். சுபலட்சுமி பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

முத்துப்பாண்டி அண்ணன் பென்சிலை வைத்தார். மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அடுத்து..."

என் கை இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"அடுத்து மொதத் தண்ணி எந்த மடைக்குன்னு நாங்க பேசணும். மேல்மடைக்காரன் இப்பவே குதிப்பான். இது ஊர் விசயம். நடுவரை வச்சுக்கிட்டுப் பேசுனாச் சரிப்படாது. நீ கொஞ்சம் வெளிய நில்லு."

"அண்ணே, அது என் மேப்புண்ணே!"

"யாரு இல்லைன்னா?" என்றார் அன்னக்கொடி அக்கா. அவர் பார்வை படத்தை விட்டு எழவில்லை. "வரஞ்சது நீதான்த்தா. குடியிருக்கது நாங்கல்ல? போ, போயி ஒரு டீயைக் குடி. முடிவு பண்ணிட்டுக் கூப்புடுறோம்."

எழுந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்து சாத்தினேன். மாடிப்படியில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, கீழே ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்து கத்தினேன். கத்தி முடித்ததும் இன்னொரு தடவை கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சூர்யா வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "என்னையும் போகச் சொல்லிட்டாங்க" என்றான். உள்ளேயிருந்து முத்துப்பாண்டி அண்ணனின் குரல் மேல்மடைக்காக முழங்கியது. அவன் கதவில் காதை வைத்துக் கேட்டான், கேட்கக் கேட்க நெளிந்தான். "பவா, கீழ்மடைக்குப் பேச அங்க சரியான ஆள் இல்ல. அந்த நர்ஸ் பொண்ணு ஒத்தையில மாட்டிக்கிட்டு இருக்கு. நான் போகட்டா?"

"என்னை ஏன்டா கேக்குற? உள்ள இருக்கவங்களைக் கேளு."

கேட்டான். சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியாகச் சுபலட்சுமி வந்தார். பேனா காதில் இருந்தது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.

"பெட்டிக்குள்ள உங்க படம்தான் போகுது. நாளைக்கே அச்சு வேலையை ஆரம்பிக்கணும். ஆனா ஒரு சிக்கல். படத்தைக் கேட்டேன், குடுக்க மாட்டேங்குறாங்க. நீங்கதான் போய் வாங்கித் தரணும்."

"நான் எப்படிக்கா வாங்குறது?" என்றேன். "என்னையே உள்ள விட மாட்டேங்குறாங்களே!"